சல்ஸ்டனின் பென்சிலும் காரைக்குடி புழுவும்

இன்னைக்கு எபிசோட்ல ராஜா கிடையாது, போர் கிடையாது. ஹீரோ ஒரு புழு. நீளம் ஒரு மில்லிமீட்டர். பேரு சி. எலிகன்ஸ். அழுகின பழத்துலயும் உரக்குழியிலயும் பாக்டீரியாவைத் தின்னுட்டுக் கிடக்கும். வயித்துப் புழுன்னு நினைச்சு முகம் சுளிக்காதீங்க, இது நம்ம உடம்புக்குள்ள வர்ற ஜாதி இல்லை.

கதை 1963-ல், கேம்பிரிட்ஜில் தொடங்குது. சிட்னி பிரென்னர் அப்பவே மூலக்கூறு உயிரியல்ல பெரிய ஆள். தன் லேப் தலைவர் மேக்ஸ் பெருட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதறார். இந்தத் துறையோட அடிப்படைக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் விடை கிடைச்சாச்சு, இனிமே ஒரு செல் எப்படி முழு உடம்பா வளருது, நரம்பு மண்டலம் எப்படி நடத்தையை உண்டாக்குது, இதைத்தான் பார்க்கணும்னு சொல்றார். எலி, மனுஷன்னு போனா செல்களை எண்ணி முடியாது. அதனால எண்ணி முடிக்கக்கூடிய ஒரு உயிர் வேணும். இந்தப் புழு கண்ணாடி மாதிரி. உயிரோட இருக்கும்போதே உள்ள இருக்கிற செல்லைப் பார்க்கலாம். முட்டையில இருந்து மூணே நாள்ல அடுத்த தலைமுறை. ஃப்ரீசர்ல உறைய வெச்சு, பல வருஷம் கழிச்சு எழுப்பலாம். நம்ம பாஷையில சொன்னா, பேக்கப் எடுக்கக்கூடிய பிராணி.

எனக்கு இந்தக் கதையில பிடிச்ச ஆள் பிரென்னர் இல்லை, ஜான் சல்ஸ்டன். முட்டைக்குள்ள கரு வளர்றப்போ எந்த செல் எந்த செல்லாகப் பிரியுதுன்னு மைக்ரோஸ்கோப்ல கண்ணை வெச்சுப் பார்த்து, கையாலயே வரைஞ்சார். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம், சுமார் ஒன்றரை வருஷம். ஒவ்வொரு செல்லுக்கும் அப்பன் யாரு, பாட்டன் யாருன்னு ஒரு முழு வம்சாவளி. அது 1983-ல் வெளியாச்சு. வளர்ந்த இருபால் புழுவுக்கு, இனப்பெருக்க செல்களை விட்டுட்டா, மொத்தம் 959 செல்கள். ஒன்னு கூடாது, ஒன்னு குறையாது. ஆனா பிறந்தது 1,090. அந்த 131 எங்க போச்சு? செத்துப்போச்சு. விபத்துல இல்லை. இந்த செல், இந்த நேரம், இந்த இடம்னு முன்னாடியே எழுதி வெச்ச சாவு.

அந்தச் சாவை நடத்தற ஜீன்களை ராபர்ட் ஹார்விட்ஸ் கண்டுபிடிச்சார். அதுல சாவைத் தடுக்கிற ஒரு ஜீனோட உறவுக்காரன் மனுஷன்கிட்டயும் இருக்கு, பேரு பிசிஎல்-2. சில ரத்தப் புற்றுநோய்கள்ல செல்கள் சாக மறுக்கிறதுக்கு இதுவும் காரணம். அதை அடக்கற வெனிடோகிளாக்ஸ் மாத்திரைக்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சுது. பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் மூணு பேருக்கும் 2002-ல் நோபல்.

இதோட நிறுத்திட்டா இது இன்னொரு கேம்பிரிட்ஜ் கதை, அவ்வளவுதான். ஆனா 1974-ல், பிரென்னரோட முதல் பெரிய புழுக் கட்டுரை வந்த அதே வருஷம், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தோட பி. பாபுவும் இந்தப் புழுவோட உயிர்வேதி மரபியல் பத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார். புழுவோட குடல் புற ஊதா ஒளியில நீலமா ஒளிரும். அந்த ஒளி மாறிப்போன புழுக்களை அங்க வளர்த்தாங்க. 1980-ல் சித்திக்கியும் பாபுவும் 'சயின்ஸ்' இதழ்ல எழுதினது இதை வெச்சுத்தான். ஒரே புழுவோட குடல்ல சில செல் ஒரு மாதிரி, சில செல் வேற மாதிரி ஒளிரும். ஒரு செல்லுல ஜீன் மாறினா அதோட வாரிசு எல்லாம் அந்த நிறத்தோட வரும்ல? அப்போ சல்ஸ்டன் வரைஞ்ச அந்த மாதிரி வம்சாவளியை நிறத்தை வெச்சே படிக்கலாம். நோபல் கதை சொல்றவங்க பாதிப் பேர் இந்தப் பக்கம் திரும்பறதே இல்லை.

மும்பைக்கு எப்படி வந்துச்சு? இந்தப் புழு ஆட்கள் ஆரம்பத்துல இருந்தே பகிர்ந்துக்கிட்டவங்க. 1975-ல் இருந்து 'வேர்ம் பிரீடர்ஸ் கெஜட்'னு ஒரு செய்தி இதழ். இன்னும் கட்டுரையா வராத முடிவுகளைக்கூட அதுல போட்டாங்க. புழுக்களைச் சேமிச்சு, கேட்கிற லேபுக்கு அனுப்ப ஒரு மையம், இப்போ அமெரிக்காவோட மின்னசோட்டாவில் இருக்கு. கிட்ஹப் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி நடந்த கிட்ஹப். சல்ஸ்டன் அந்தப் பழக்கத்தை மனித ஜீனோம் வரைக்கும் கொண்டுபோனார். 1996-ல் பெர்முடாவில் கூடி, படிச்ச வரிசையை 24 மணி நேரத்துக்குள்ள பொதுவுல போடணும்னு முடிவெடுத்தவங்கள்ல அவரும் முக்கியமானவர். ஜீனோமைத் தனியார் கம்பெனி பூட்டி வெக்கப் பார்த்த காலத்துல அது சாதாரண முடிவு இல்லை.

எங்க ஊர் மணமேல்குடி. அறந்தாங்கியில பஸ் மாறினா காரைக்குடி. அங்க அழகப்பா பல்கலைக்கழகத்தோட உயிரித்தொழில்நுட்பத் துறையில, கே. பாலமுருகன் குழு பல வருஷமா இதே புழுவை வெச்சு நோய்க்கிருமிகளைப் படிக்குது. விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸும் அதுல ஒன்னு. சரியா வேகாத கடல் உணவு மூலமா நம்ம வயித்தைக் கெடுக்கிற பாக்டீரியா. இதுல சில வகைகள் இறால் குஞ்சுகளையும் கொல்லும். இறால் குட்டை வெச்சவங்களுக்கு 'விப்ரியோ'ன்னு சொன்னாலே தூக்கம் போயிடும்.

ஆய்வு பார்க்க எளிமையாத்தான் இருக்கும். வழக்கமான சாப்பாட்டுக்குப் பதிலா புழுவுக்கு அந்தக் கிருமியைக் கொடுக்கிறாங்க. குடல்ல கிருமி எவ்வளவு குடியேறுது, எந்த எதிர்ப்பு ஜீன் விழிக்குது, எத்தனை நாள் தாங்குதுன்னு பார்க்கிறாங்க. புழுவுக்கு ரத்தத்துல ரோந்து போற வெள்ளை அணுக்கள் கிடையாது. ஆனா கிருமியைக் கண்டதும் எழுப்பற சமிக்ஞைப் பாதைகள்ல சிலது நம்ம உடம்புலயும் இருக்கு.

உயிரோட இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்? இன்னைக்கும் மெல்லிய பிளாட்டினம் கம்பியால தொட்டுப் பார்க்கறதுதான். நெளிஞ்சா உயிர். நெளியலைன்னா நோட்டுல இன்னொரு கோடு.