ஒட்டப்படாத ஸ்டாம்புகள்

பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தேசியக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது, வேலைக்குப் போகிறவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை வந்தது. வாரத்துக்கு ஒரு கட்டம். முதலாளி தபால் நிலையத்தில் ஸ்டாம்ப் வாங்கி, ஊழியரின் பங்கைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கட்டத்தில் ஒட்டுவார். உரித்தெடுத்து மறுபடி ஒட்டிவிடாதபடி அதன்மேல் தேதி எழுதிவிடுவார். வயதான காலத்தில் அரசு தரும் பென்ஷன் அந்தக் கட்டங்களின் கணக்குதான். கைக்குழந்தையோடோ படுக்கையில் விழுந்த தாயோடோ வீட்டில் இருந்தவளுக்கு ஸ்டாம்ப் ஒட்ட யார் இருந்தார்கள்?

திட்டத்தை வகுத்த வில்லியம் பெவரிட்ஜ் இதை மறந்தவர் அல்ல. சம்பளமில்லாவிட்டாலும் இல்லத்தரசியின் உழைப்பு நாட்டுக்கு இன்றியமையாதது என்று 1942 அறிக்கையில் அவரே எழுதினார். பாராட்டு தாராளமாக இருந்தது. பென்ஷன் மட்டும் கணவன் வழியாகத்தான் வந்தது. தனியாளுக்கு வாரம் 26 ஷில்லிங்; கணவனின் ஸ்டாம்பை நம்பியிருந்த மனைவிக்கு 16.

வேலைக்குப் போன மனைவிக்கும் ஒரு சலுகை இருந்தது. விரும்பினால் குறைந்த தொகை கட்டலாம். ‘சின்ன ஸ்டாம்ப்’ என்று அதற்குப் பெயர். கணவன்தான் கட்டுகிறாரே என்று லட்சக்கணக்கானோர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆண்டுகளுக்குச் சொந்த பென்ஷன் கிடையாது. முழு ஸ்டாம்ப் கட்டியவர்களுக்கோ ‘பாதிக் கணக்கு’ என்றொரு விதி: திருமணத்துக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில் பாதியாவது கட்டியிருக்க வேண்டும். 25 வயதில் மணமுடித்து 15 ஆண்டுகள் கட்டியவளும் பாதியை எட்டவில்லை என்று வெறுங்கையோடு திரும்பினாள்.

1975-ல் அமைச்சர் பார்பரா காசில் கொண்டுவந்த பென்ஷன் சட்டம்தான் இதை உடைத்தது. பாதிக் கணக்கு ஒழிந்தது. 1977 மே மாதத்துக்குப் பிறகு யாரும் புதிதாகச் சின்ன ஸ்டாம்புக்கு மாற முடியாது. 1978 ஏப்ரலில் ‘இல்லப் பொறுப்புப் பாதுகாப்பு’ அமலுக்கு வந்தது. இது வீட்டில் இருந்த ஆண்டுகளைக் கணக்கில் கூட்டவில்லை, தேவையான ஆண்டுகளிலிருந்து கழித்தது. முழு பென்ஷனுக்கு ஒரு பெண்ணுக்கு 39 ஆண்டுகள் வேண்டுமென்றால், 16 ஆண்டுகள் பிள்ளை வளர்த்தவளுக்கு 23 போதும். ஆனால் எவ்வளவு கழித்தாலும் 20-க்குக் கீழே போகாது. நடுவில் சில வாரங்கள் விட்டுப்போனாலும் அந்த ஆண்டு சேராது. சின்ன ஸ்டாம்பைக் கைவிடாதவர்களுக்கும் கிடையாது. 1960-களில் தொட்டில் ஆட்டியவர்களுக்கோ ஒன்றுமே இல்லை. சட்டம் பின்னோக்கிப் பார்க்கவில்லை.

பிள்ளை வளர்ப்பு இப்படி ஏட்டில் ஏறியது. நோயாளியைப் பார்த்துக்கொள்வது அவ்வளவு எளிதாக ஏறவில்லை. 1976-ல் வந்த பராமரிப்பாளர் உதவித்தொகையோடு, ஸ்டாம்ப் ஒட்டியதாகவே கணக்கில் வைக்கும் காப்பீட்டு வரவும் சேர்ந்தே கிடைத்தது. ஆண்கள் கேட்கலாம், மணமாகாத பெண்கள் கேட்கலாம், கணவனோடு வாழும் பெண் மட்டும் கேட்க முடியாது. அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்பது அரசின் நியாயம்! ஜாக்குலின் டிரேக் அப்படி எப்படியும் வீட்டில் இருந்தவர் அல்ல. உடல் மிகவும் முடங்கிய தாயைப் பார்த்துக்கொள்ள 1984-ல் இருந்த வேலையை விட்டவர். அவர் வழக்கு லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. 1986 ஜூன் 24-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. தோற்கப்போவது தெரிந்தோ என்னவோ, பிரிட்டன் அரசு முந்தைய நாளே விதியை மாற்றுவதாக அறிவித்துவிட்டது.

2010-ல் கழித்தல் போய்க் கூட்டல் வந்தது: 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கான உதவித்தொகை வாங்கும் ஆண்டுகள் நேரடியாக வரவு வைக்கப்படுகின்றன. மறு ஆண்டே, பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு வேலைக்குப் போகும் தாய் தன் வரவை மாற்றித்தர வழி பிறந்தது. 2016 முதல் முழு பென்ஷனுக்கு 35 ஆண்டுகள்; 10-க்குக் குறைந்தால் பொதுவாக எதுவும் இல்லை.

இதற்கிடையே பழைய படிவம் ஒன்று காலை வாரியது. 2000 மே மாதத்துக்கு முன் குழந்தை உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்த பலர் அதில் தங்கள் தேசியக் காப்பீட்டு எண்ணை எழுதவில்லை. எழுதியே ஆக வேண்டும் என்று அப்போது யாரும் கேட்கவும் இல்லை. எண் இல்லாததால் அவர்கள் பிள்ளை வளர்த்த ஆண்டுகள் பென்ஷன் ஏட்டுக்குப் போய்ச் சேரவில்லை. பல ஆண்டுகளாகக் குறைந்த பென்ஷன் வாங்கிவந்தவர்களுக்கு, உங்கள் கணக்கைச் சரிபாருங்கள் என்று 2023 செப்டம்பரிலிருந்து வரித்துறையின் கடிதங்கள் போகத் தொடங்கின. தாய் இறந்துபோயிருந்தால் அவர் சார்பில் குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம். எந்தப் பிள்ளைக்காக அந்த ஆண்டுகளில் ஸ்டாம்ப் விழவில்லையோ, அந்தப் பிள்ளையே இப்போது உட்கார்ந்து படிவத்தை நிரப்பலாம்.