இருபது நெல்மணியும் நம் வம்சமும்

கொம்யூன் அலுவலகத்தில் பழைய கல்யாணப் பதிவேடுகளைப் புரட்டும் வேலை எனக்குப் பல வருஷம் இருந்தது. பெண் எடுத்த ஊர், கொடுத்த ஊர் என்று பார்த்தால் ஏழெட்டு ஊர்ப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். இதற்கும் நம் உடம்புக்கும் உள்ள தொடர்பு, ஓய்வு பெற்றபின் படித்ததில்தான் விளங்கியது.

பாகூர்க்காரர்களுக்கு விதைநெல்லை வைத்துச் சொன்னால் எளிது. நெல்லில் நூற்றுக்கு ஒன்று சிவப்பு கலந்திருக்கிறது என்று வையுங்கள். மூட்டை மூட்டையாக விதைத்தால் அடுத்த போகத்திலும் ஏறக்குறைய அதே அளவுதான். வெள்ளத்தில் எல்லாம் போய் இருபது மணி மட்டும் மிஞ்சினால்? அதில் சிவப்பு இல்லாமலே போகலாம். இரண்டு அகப்பட்டும் இருக்கலாம். அகப்பட்டால், பிறகு எத்தனை காணி விளைந்தாலும் பத்தில் ஒன்று சிவப்புதான். சிவப்பு உசத்தி என்பதால் அல்ல, வெறும் தற்செயல். சிறிய மனிதக் கூட்டத்தில் மரபணுவுக்கும் இதே கதி.

பசிபிக் கடலின் பிங்கெலாப் தீவில் 1775 வாக்கில் அடித்த புயலுக்குப் பின் சுமார் 20 பேரே மிஞ்சினார்கள். அவர்கள் வழியாக வந்த ஒரு குறையால் அங்கே நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு நிறமே தெரியாது.

நமக்குத் தீவு வேண்டாம், சாதியே தீவு. ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆகியோரின் குழு, தெற்காசியாவில் 260-க்கு மேற்பட்ட பிரிவினரை ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டது. 81 பிரிவுகள் மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகியவை. அவற்றில் 14 பிரிவுகள் இன்று பத்து லட்சத்தைத் தாண்டியவை. புதுச்சேரி யாதவர், தமிழ்நாட்டுக் கள்ளர், அருந்ததியர் அந்தப் பட்டியலில் உண்டு. இன்று எத்தனை பேர் என்பதல்ல, அன்று எத்தனை பேர் என்பதே கணக்கு.

இதில் யாருக்கும் இழுக்கில்லை. ஆனால் தெரிந்துகொள்வது உயிர் காக்கும். ஆந்திர வைசியர் சிலருக்கு, அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் மருந்து சில நிமிஷத்தில் இறங்காது. மணிக்கணக்கில் தானாக மூச்சு விட முடியாது. முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் வேறு மருந்து கொடுப்பார்.

‘அசல்தானே, சொந்தமில்லையே’ என்று நாம் நிம்மதி அடைகிறோம். அதே வட்டத்துக்குள் அசலும் தூரத்துச் சொந்தமே. பேரப்பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது, குடும்பத்தில் காது கேளாமை, ரத்தக் குறை, சிறுவயதுச் சாவு இருந்தால் மறைக்காமல் பேசுங்கள். ஜாதகத்தோடு மரபணு ஆலோசகரையும் ஒரு தடவை பாருங்கள்.