பட்டாளத்துக் குருவின் மனைவி

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் உள்ள வல்லம் வட்டாரத்துக்குப் பட்டாளம் புதிதல்ல. வந்தவாசியில் 1760 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். அடுத்த ஆண்டே செஞ்சியும் பிரெஞ்சுக்காரர் கையைவிட்டுப் போனது. அதற்கும் முன்பு, 1714-ல், ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும்படையைச் சிறு படையோடு எதிர்த்து மாண்ட தேசிங்குராஜனை இந்தப் பக்கத்து மக்கள் கதைப்பாட்டாகவே பாடி வைத்துக்கொண்டார்கள். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்பதும், அவள் நினைவாகவே நவாபு இராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்பதும் வழிவழியாக வரும் செய்தி.

போர்வீரன் மனைவிக்கு நம் நாட்டுக் கதை கொடுத்த இடம் இவ்வளவுதான். தீயில் இறங்கியவளுக்குப் பெயர் நின்றது. உயிரோடு இருந்து, ஊர் ஊராகப் பெட்டி கட்டி, பாஷை தெரியாத இடத்தில் பிள்ளை பெற்று வளர்த்து, கணவன் எல்லையில் இருக்கும்போது மாமனார் மாமியாருக்கும் பதில் சொல்லிக்கொண்டு வாழ்ந்தவளுக்குப் பாட்டும் இல்லை, பேட்டையும் இல்லை. இன்று சிப்பாயின் மனைவியைப் பற்றி மேடையில் நாலு நல்ல வார்த்தையாவது பேசுகிறோம். படைப்பிரிவில் சமய ஆசிரியராக, படைக்குள் வழங்கும் பெயரில் சொன்னால் தர்மகுருவாக, இருப்பவரின் மனைவி அந்தப் பேச்சிலும் வருவதில்லை. அவரைப் பற்றி இந்த மலரில் எழுத நான் விரும்பியதற்குக் காரணம் அதுவே.

தர்மகுரு என்றால் பட்டாளத்துக் கோயிலில் மணியடிக்க அமர்த்திய வெளியாள் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். அவர் நாயப் சுபேதாராகப் பணியில் சேரும் இளநிலை அதிகாரி, அதாவது ஜே.சி.ஓ. பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரியார் என்று அந்தந்தச் சமயத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். லடாக் ஸ்கவுட்ஸுக்குப் பௌத்தத் துறவியும் உண்டு. எல்லோருக்கும் பட்டப்படிப்பு வேண்டும். பண்டிட்டுக்குச் சமஸ்கிருதத்தில் சாஸ்திரி அல்லது ஆசார்யா, இல்லையென்றால் கர்மகாண்டத்தில் டிப்ளமோ. பாதிரியாருக்குத் திருச்சபையின் குருப்பட்டமும் ஆயரின் ஒப்புதலும். வேதம் படித்தவர் என்பதற்காக ஓட்டத்தில் விலக்குக் கிடையாது; 1600 மீட்டரை 8 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். புனேயில் உள்ள தேசிய ஒருமைப்பாட்டு நிறுவனத்தில் பயிற்சி. அதன் பிறகு யூனிட்.

அவர் கடமைகள் ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. வழிபாடு நடத்துவது, இறுதிச் சடங்குக்குப் போவது, மருத்துவமனையில் கிடப்பவர்களைப் பார்ப்பது, தண்டனை அனுபவிக்கும் வீரர்களிடம் போய்ப் பேசுவது, பிள்ளைகளுக்குச் சமயக் கல்வி கொடுப்பது. கடைசியாக ஒன்று: அதிகாரிகள், வீரர்கள், அவர்களுடைய குடும்பங்கள் ஆகியோரின் நலம் பேணுவது. அந்தக் கடைசி வேலையின் பெரும்பங்கு யார் தலையில் விழும் என்று குடும்பம் நடத்தியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கன்டோன்மென்ட் குவார்ட்டர்ஸில் தனியே இருக்கும் இருபது வயதுப் பெண், தன் மனக்கஷ்டத்தைச் சொல்ல ஓர் ஆண் குருவின் முன்னால் போய் நிற்க மாட்டாள். குருவின் வீட்டம்மாவிடம்தான் போவாள். அந்த அம்மாவுக்குப் பதவி இல்லை, பயிற்சி இல்லை, அறிவிப்பில் ஒரு வரியும் இல்லை. கணவருக்குப் புனேயில் சொல்லிக் கொடுத்ததை அவர் அடுப்படியில் நின்று தானாகக் கற்றுக்கொள்கிறார்.

மந்திர் பரேட் நாளைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது விளங்கும். காலையில் யூனிட் முழுவதும் வழிபாட்டிடத்தில் கூட வேண்டும். தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் என்று நான்கு மொழியாரும் சேர்ந்திருக்கும் மதராஸ் ரெஜிமென்ட் போன்ற படையில் கோயிலும் தேவாலயமும் மசூதியும் ஒரே கூரையின் கீழ் அமைந்த சர்வதர்ம ஸ்தலம் இருப்பது வழக்கம். பிரசாதம் லங்கரில் தயாராகிவிடும். பூத்தொடுப்பது, விளக்குத் திரி, வெள்ளிக் கிண்ணத்தில் குழைத்த சந்தனம் இவையெல்லாம் பண்டிட்ஜி வீட்டிலிருந்து வரும். படைப்பிரிவின் தலைவரான சி.ஓ. காலணியைக் கழற்றிவிட்டு வந்து தலைகுனிந்து நெற்றியில் திலகம் வாங்கிக்கொள்வார். பரேட் முடிந்த மறு நிமிடம் திலகம் வைத்தவர் நாயப் சுபேதார், வாங்கிக்கொண்டவர் கர்னல். இந்த இரட்டை நிலை வீட்டம்மாவையும் தொடரும். நலக்கூட்டத்தில் அவர் ஜே.சி.ஓ. மனைவியருக்குரிய வரிசையில் உட்கார்வார். கூட்டம் கலைந்ததும் அதிகாரியின் மனைவி தன் குழந்தைக்கு நல்ல நாள் பார்த்துச் சொல்லும்படி அவரிடமே வருவார். எங்கே பேசுவது, எங்கே பேசாமலிருப்பது என்ற நிதானம் முப்பது வயதுக்குள் கைவர வேண்டும். எனக்குத் தெரிந்து வேறு எந்த வேலையிலும் கணவனின் பதவி மனைவியிடம் இவ்வளவு சீக்கிரம் முதுமையைக் கேட்பதில்லை.

நாள்காட்டியும் அவருக்குச் சிக்கல்தான். வடக்கே மாதம் பௌர்ணமியோடு முடியும். நம் கணக்கு சூரியனைப் பார்த்தது. யூனிட்டுக்கு நவராத்திரியும் ஜன்மாஷ்டமியும் ஒரு விதமாக வந்தால், நம் ஊர்த் தம்பிகளுக்குக் கார்த்திகை தீபமும் தைப்பூசமும் வேண்டும். மயிலம் மலையில் காவடி எடுத்து வளர்ந்த பையன் பஞ்சாபிலோ அசாமிலோ பங்குனி உத்திரத்தன்று எங்கே போவான்? பண்டிட்ஜி வீட்டுக்கு வருவான். ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலும் விபூதியும் வாங்கிக்கொண்டு, அம்மா கையால் சாப்பிட்ட மாதிரி இருக்கு அக்கா என்று சொல்லிவிட்டு டியூட்டிக்கு ஓடுவான்.

இவையெல்லாம் பீஸ் ஸ்டேஷன் கதை. யூனிட் ஃபீல்டுக்குப் போனால் குருவும் கூடவே போக வேண்டும். குடும்பம் அங்கே போக முடியாது. ஒன்று ஊருக்குத் திரும்பலாம். இல்லையென்றால் பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கென்று ஒதுக்கிய குவார்ட்டர்ஸில் தங்கலாம். கறுப்பு டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயின்டால் எழுதிய எண்ணும் பதவியும் பெயரும் வாசலில் காயும் அந்த இரண்டு மூன்று நாளும் வீட்டில் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். பெட்டிக்குள் மற்ற ஜே.சி.ஓ. போலவே கம்பளிச் சட்டையும் பூட்ஸும் போகும். மேலே தனித் துணியில் சுற்றிய கைமணி, பஞ்சாங்கம், குங்குமச் சிமிழ். மாவட்ட எல்லையைத் தாண்டாத கோயில் குருக்களின் மனைவிக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பெட்டியில் இருக்கிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். படையோடு குடும்பம் போவது பழைய மதராஸ் ராணுவத்தின் மரபு. கம்பெனிக் காலத்தில் வங்காளச் சிப்பாய்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தார்கள். மதராஸ் சிப்பாய்களின் மனைவி மக்களோ படைப்பிரிவோடு பாளையம் பாளையமாக நகர்ந்தார்கள். பட்டாளத்துக் குடும்ப வாழ்க்கை என்பது வெள்ளைக்கார அதிகாரிகளைப் பார்த்து நாம் கற்றுக்கொண்ட ஒன்று என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. ஆனால் படைக் குருமார் வரலாறு எழுதியவர்கள் குருமாரின் குடும்பங்களைக் கண்டுகொள்ளவில்லை. 1768 முதல் திருச்சி ஆங்கிலப் படைக்குக் குருவாகவும் இருந்த சுவார்ட்ஸ் ஐயரைப் பற்றி நூல் நூலாக எழுதியிருக்கிறார்கள், அவர் மணமாகாதவர். மணமான குருமாரின் மனைவியர் அந்த நூல்களின் ஓரத்தில்கூட அரிதாகவே வருகிறார்கள்.

குரு வீட்டுக் கதவை இரவில் தட்டுவார்கள் என்பதற்குத் திண்டிவனமே சாட்சி. 1890-ல் நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் மிஷன் பங்களாவுக்கு வந்திருந்தார் ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியருக்கு உதவ ஒரு பெண் வேண்டும் என்று கேட்டார்கள். மருத்துவரான அப்பா வருவார் என்று ஐடா சொல்லியும் மூவரும் திரும்பிப் போனார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள். அந்த இரவுதான் ஐடா பின்னாளில் நிறுவிய வேலூர் மருத்துவமனைக்கு விதை. எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. ஆணிடம் கொண்டுபோக முடியாத துன்பத்தோடு மக்கள் குருவின் வீட்டில் ஒரு பெண்ணைத் தேடி வந்தார்கள். பட்டாள லைனில் இன்றும் அதே தேடல்தான்.

அந்த மிஷனை நடத்திய அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையிலிருந்தே இன்னொரு செய்தியும் வருகிறது. 1943 பிப்ரவரி 3 அதிகாலை, கிரீன்லாந்து அருகே டார்செஸ்டர் என்ற படைக்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. கப்பலில் இருந்த 902 பேரில் 672 பேர் மாண்டார்கள். நான்கு படைக் குருமார் தங்கள் உயிர்காப்பு அங்கிகளைக் கழற்றி வீரர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு மூழ்கினார்கள்: மெதடிஸ்ட் குரு ஜார்ஜ் ஃபாக்ஸ், யூத ரபி அலெக்சாண்டர் கூட், கத்தோலிக்கக் குரு ஜான் வாஷிங்டன், சீர்திருத்தத் திருச்சபையின் கிளார்க் போலிங். 1948-ல் அமெரிக்கா அவர்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. நான்கு முகங்கள் அதில் இருக்கின்றன. மூன்று பேருக்கு மனைவியர் இருந்தார்கள். போலிங்கின் மனைவி பெட்டி அப்போது கர்ப்பிணி. மகனைக் கையில் வைத்துக்கொண்டு, கணவர் இறந்த பிறகு மகளைப் பெற்றெடுத்தார். அங்கியைக் கழற்றிக் கொடுத்த அந்த ஒரு கணத்தை உலகம் கொண்டாடுகிறது, கொண்டாடத்தான் வேண்டும். அதற்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு அப்பா யார் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஆண்டுகளையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் வழக்கு.

நம் யூனிட்டுகளில் சாவுச் செய்தி வரும்போது குருவின் மனைவிக்கு வரும் பொறுப்பு கடினமானது. அதிகாரிகள் அந்த வீட்டுக்குப் போகையில் பெண்கள் சிலரும் கூடப் போவார்கள். அவர்களில் இவரும் இருப்பார். அதிகாரி வார்த்தைகளைச் சொல்லி முடித்துவிட்டுப் போகலாம். இவர் அன்றிரவு அங்கேயே பாய் விரித்துப் படுப்பார், பால் காய்ச்சுவார், பிள்ளைகளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்த் தூங்க வைப்பார். தன் கணவரும் அதே முகாமில்தான் இருக்கிறார் என்ற பயத்தை அந்த வீட்டில் காட்டக் கூடாது. வீட்டுக்கு வந்தும் காட்ட முடியாது, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கணவரிடம் வீரர்கள் மனம்விட்டுச் சொல்வதை அவர் இவரிடம் சொல்ல மாட்டார். இவரிடம் பெண்கள் சொல்வதை இவரும் வெளியே விட முடியாது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் இரண்டு சுமைகளைத் தனித்தனியாகச் சுமக்கிறார்கள். ஊரெல்லாம் வந்து ஆறுதல் தேடும் இந்த அம்மா தன் ஆறுதலுக்கு யாரிடம் போவார் என்று ராணுவமும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

1966-ல் தொடங்கிய ராணுவ மனைவியர் நலச் சங்கம், எல்லோரும் ஆவா என்று அழைப்பது, தையலும் கணினியும் கற்றுத் தருகிறது, வீரமரணம் அடைந்தவர்களின் மனைவியருக்கு உதவுகிறது. நல்ல காரியம். குருமாரின் மனைவியருக்கென்று துயர் ஆற்றும் முறைகளில் ஒரு சிறு பயிற்சியை ஆவா நடத்தலாம் என்று நான் விரும்புகிறேன். யாரும் சொல்லிக் கொடுக்காமலே இந்த வேலையைச் செய்துவரும் பெண்களுக்கு அது ஒரு பிடிமானமாக இருக்கும்.

அவர்கள் தாமாகக் கற்றுக்கொண்டதில் மிகப் பயனுள்ளது காகித வேலை. திருமணமும் குழந்தைப் பிறப்பும் படைப் பதிவுக்கான பார்ட்-டூ ஆர்டரில் ஏற வேண்டும். ஏறாவிட்டால், அல்லது மனைவியின் பெயர் படைப் பதிவில் ஒரு மாதிரியும் ஆதாரில் இன்னொரு மாதிரியும் இருந்தால், குடும்ப ஓய்வூதியம் வரும் காலத்தில் அந்தப் பெண் ரெக்கார்டு ஆபீசுக்கும் விழுப்புரத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் நடையாய் நடக்க வேண்டிவரும். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்குக் குங்குமம் கொடுக்கும்போதே, பார்ட்-டூ ஆயிடுச்சாம்மா, ஜாயின்ட் போட்டோ குடுத்தாச்சா என்று கேட்கும் வீட்டம்மாவை எண்ணிப் பாருங்கள். பூஜையும் பென்ஷனும் அவருக்கு ஒரே அக்கறையின் இரண்டு வேலைகள்.

ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் குருவுக்கு மரியாதை உண்டு. கோயில் திருப்பணிக் குழுவில் சேர்ப்பார்கள், கல்யாணங்களுக்கு அழைப்பார்கள். அம்மாவிடம் இந்தி தெரியுமா என்று கேட்பதோடு சரி. இந்த மலரைப் படிக்கும் வல்லம் ஒன்றியத்துப் படைவீரர் குடும்பங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஊர்வாரியாகப் படைவீரர் பட்டியல் எடுக்கும்போது, மனைவியின் பெயரைக் கணவர் பெயருக்கு எதிரே அடைப்புக்குறிக்குள் போடாமல் தனி வரியாக எழுதுங்கள். எந்தெந்த ஸ்டேஷனில் இருந்தார், எத்தனை ஆண்டு தனியாகக் குடும்பம் நடத்தினார், என்னென்ன பாஷை பேசக் கற்றார், எந்தக் குடும்பங்களுக்குத் துணை நின்றார் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். தர்மகுருக்களின் வீடுகளுக்கு முதலில் போங்கள். அங்கே இருப்பவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, அவர்கள் தாங்களாகவே வந்து சொல்ல மாட்டார்கள்.