விடை இல்லை என்பதும் ஒரு விடைதான்

நான் காமர்ஸ் படித்துவிட்டு தில்லியில் பேங்க் உத்தியோகம் பார்ப்பவன். அதனால் இந்தக் கணக்கை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

ஒரு கடைக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று கணக்குப் போட்டு 'மைனஸ் 3' என்று வந்தால் தூக்கிப் போட்டுவிடுவோம், இல்லையா? நட்சத்திரக் கணக்கும் அப்படித்தான். அதன் அடர்த்தி நடுவில் அதிகம், வெளியே வரவரக் குறைந்து விளிம்பில் பூஜ்யம். இடையில் எங்கும் மைனஸ் வரக் கூடாது. இப்படி இரண்டு முனையிலும் நிபந்தனை போட்டு, பாசிட்டிவ் விடை கேட்கும் கணக்கில் முதல் கேள்வியே, 'அப்படி ஒரு விடை இருக்கிறதா?' என்பதுதான்.

இந்தச் சமன்பாட்டை அமெரிக்கரான லேன் 1870ல் ஆரம்பித்தார். எம்டன் 1907ல் விரிவாகப் புத்தகமே எழுதினார். அதில் ஒரு குறியீட்டெண் உண்டு. அது 5க்குக் கீழே இருந்தால் நட்சத்திரத்துக்கு விளிம்பு கிடைக்கும். 5ஐத் தொட்டால் விளிம்பே வராது!

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி 'வெள்ளைக் குள்ளன்' ஆகும். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபௌலர் 1926ல் தந்த விளக்கப்படி குறியீட்டெண் 1.5. எவ்வளவு எடை என்றாலும் விடை உண்டு. 1930ல் மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ் முடித்து, அந்த ஃபௌலரிடமே படிக்கக் கப்பல் ஏறினார் 19 வயது சந்திரசேகர். வழியில் அவருக்கு ஒரு சந்தேகம். அவ்வளவு நெருக்கத்தில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குமே, ஐன்ஸ்டைனின் சார்பியலைச் சேர்க்க வேண்டாமா? சேர்த்தால், எடை கூடக்கூட குறியீட்டெண் 3ஐ நோக்கிப் போகிறது. சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு எடையைத் தாண்டினால் விடையே இல்லை!

1935 ஜனவரி 11. லண்டன் ராயல் வானியல் கழகத்தில் சந்திரசேகர் இதை விளக்கி உட்கார்ந்ததும் எடிங்டன் எழுந்தார். சூத்திரத்தின் அடிப்படையே தவறு, இப்படி ஒரு கூத்துக்கு இயற்கை இடம் கொடுக்காது என்று கேலி செய்தார். சபையே சிரித்தது. 24 வயதுப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் சண்டைக்குப் போகவில்லை. எல்லாவற்றையும் 1939ல் புத்தகமாக எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குப் போனார். நோபல் வந்தது 1983ல்.

நம்ம தில்லிக்கும் இதில் பங்கு உண்டு. 1934ல் தில்லி பல்கலைக்கழகத்துக்கு வந்த டி.எஸ்.கோத்தாரியும் வெள்ளைக் குள்ளன்களை ஆராய்ந்தவர்தான். கல்விக்கான கோத்தாரி கமிஷன் (1964-66) என்று கேட்டிருப்பீர்களே, அதே கோத்தாரி!

விடை இல்லாத அந்தக் கனமான நட்சத்திரங்கள் என்ன ஆகும்? நொறுங்கி நியூட்ரான் நட்சத்திரமாகவோ கருந்துளையாகவோ ஆகும். எடிங்டன் 'அபத்தம்' என்று ஒதுக்கிய இடத்தில்தான் புது வானியலே பிறந்தது.

வீட்டில் பிள்ளை "இந்தக் கணக்குக்கு விடையே வரலைப்பா" என்று வந்து நின்றால், உடனே திட்டாதீர்கள். ஏன் வரவில்லை என்று கேளுங்கள். சரியான காரணம் சொன்னால் முழு மார்க் போட்டுவிடலாம் :-)