வாக்குச்சாவடியில் கம்பியில்லா இணைப்புச் சோதனை

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்திலிருந்து வைஃபை, புளூடூத் போன்ற அலைகள் வெளிப்படுகின்றனவா எனக் கருவி கொண்டு பார்ப்பது. இந்தியாவில் இயந்திர வாக்குப்பதிவுக்கு அடிப்படை, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 61அ பிரிவு (1989இல் சேர்க்கப்பட்டது). இச்சோதனையைப் பெயர் சொல்லி அனுமதிக்கும் பிரிவு அச்சட்டத்தில் இல்லை.

கைப்பேசியைக் கருவியாகக் கொள்ளவும் வழியில்லை: வாக்காளர் அதனுடன் சாவடிக்குள் செல்லக்கூடாது. அதை நுழைவாயிலில் ஒப்படைக்கும் வசதியைத் தேர்தல் ஆணையம் 2025இல் அறிவித்தது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலரின் முறையான கட்டளையை மீறுபவரை அச்சட்டத்தின் 132ஆம் பிரிவின்படி வெளியேற்றலாம்.

இயந்திரத்தில் அலைவாங்கி இல்லை, எந்த வலையமைப்புடனும் அது இணையாது என்பது ஆணையத்தின் நிலைப்பாடு. வாக்களிக்கும் கருவி, விவிபேட் (வாக்கைத் தாளில் அச்சிட்டுக் காட்டும் கருவி), கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை கேபிளால் இணைகின்றன. முகவர்கள் கண்ணெதிரே மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். பச்சைத்தாள் முத்திரையில் அவர்கள் கையொப்பமிடலாம்.

முடிவுக்குப் பிந்தைய சோதனைக்கு வழி உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2024 ஏப்ரல் 26 தீர்ப்பின்படி, இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் 7 நாள்களுக்குள் எழுதிக் கேட்டால், சட்டமன்றத் தொகுதிக்கு 5 விழுக்காடு இயந்திரங்களின் நினைவகத்தை உற்பத்தி நிறுவனப் பொறியாளர்கள் சரிபார்ப்பர்.