ஒரு சொல் விட்டுப்போச்சு, ஊராட்சி செஸ் போச்சு

உத்திரமேரூர்னா குடவோலைக் கல்வெட்டு ஞாபகம் வரும். நான் அந்தப் பக்கத்துக் கல்குவாரிகளை வெச்சுப் பேசறேன்.

1958 மெட்ராஸ் பஞ்சாயத்துச் சட்டத்துல, நிலவரி ரூபாய்க்கு 45 பைசா ஊராட்சி செஸ். 1964ல அந்த ‘நிலவரி’க்குள்ள கனிம ராயல்டியையும் சேர்த்தாங்க. இந்தியா சிமெண்ட்ஸ் கோர்ட்டுக்குப் போச்சு. 1989ல உச்ச நீதிமன்றம் செஸ் செல்லாதுன்னுச்சு. கூடவே, ராயல்டியே ஒரு வரின்னும் எழுதிடுச்சு.

2004ல இன்னொரு அமர்வு சொன்னது: அது அச்சுப்பிழை, ‘ராயல்டி மீதான செஸ்’னு இருந்திருக்கணும்! சிரிப்பு வருதுல்ல? ஆனா குழப்பம் தீர இன்னும் 20 வருஷம் ஆச்சு. 2024 ஜூலை 25, ஒன்பது நீதிபதிகள்ல எட்டுப் பேர், ராயல்டி வரியில்லை, கனிம நிலத்துக்கு மாநிலம் வரி போடலாம்னு தீர்ப்பு. அந்த டிசம்பரே தமிழ்நாடு சட்டம் போட்டாச்சு.

பழைய செஸ் ஊராட்சிக்கு. புதுசு மாநில வரி. ஊருக்கு எவ்வளவு வருதுன்னு கிராமசபையில கேளுங்க.