கீரிமலைக் கேணியும் உரோமரின் குளியலகங்களும்

காங்கேசன்துறையிலிருந்து கரையோரமாக மேற்கே போனால் சில கிலோமீற்றரில் கீரிமலை வந்துவிடும். பெயரில்தான் மலை இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் ஐம்பது அடி உயரமுள்ள ஒரு மேடு, அவ்வளவுதான். அந்த மேட்டின் அடியில், அலை மோதும் இடத்திலேயே, படிகள் கட்டிய கேணி. மதிலுக்கு அந்தப் பக்கம் உப்புக்கடல், இந்தப் பக்கம் நல்ல தண்ணீர். ஆண்களின் கேணியில் முழுகுகிறவர் கடலைப் பார்த்தபடியே முழுகலாம். பெண்களின் கேணிக்குச் சுற்றுமதில் உண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மழைக்காலத்தில் மட்டும் தலைகாட்டும். ஆனால் நிலத்தின் அடியில் இருப்பது வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணக்கல். வடகீழ்ப் பருவமழை அதற்குள் இறங்கி, பாரம் கூடிய கடல்நீரின் மேலே மிதந்து நிற்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதற்கும் இதுவே காரணம். இப்படித் தேங்கும் நீர் பாறை வெடிப்புகள் வழியாகக் கடலை நோக்கி நகர்ந்து, கரையோரத்தில் ஊற்றாகக் கிளம்புகிறது. பம்பும் வேண்டாம், வாய்க்காலும் வேண்டாம். கேணியின் தண்ணீர் தானாகவே மாறிக்கொண்டிருக்கும்.

உரோம் நகரத்துக்கு இந்த வசதி வாய்க்கவில்லை. கி.பி. 216இல் உரோம் நகரில் திறக்கப்பட்ட கரகல்லா குளியலகத்தில் வெந்நீர் அறை, இளஞ்சூட்டு அறை, குளிர்நீர்த் தடாகம், உடற்பயிற்சி முற்றம் எல்லாம் இருந்தன. ஒரே வேளையில் 1,600 பேர் குளிக்கலாம் என்று பழைய குறிப்பொன்று சொல்கிறது. தண்ணீர் தொலைவிலிருந்து கல் வாய்க்காலில் வந்தது. நிலத்தடியில் அடிமைகள் இரவு பகலாக விறகு எரித்தார்கள். 537இல் கோத்தியர் உரோமை முற்றுகையிட்டு வாய்க்கால்களை வெட்டினார்கள். குளியலகத்தின் கதை அதோடு முடிந்தது. சுவர்கள் இன்றும் வானளாவ நிற்கின்றன. பயணிகள் நுழைவுச்சீட்டு வாங்கி, நனையாமல் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கீரிமலைக்கு நெருங்கிய உறவு உரோமில் இல்லை, இங்கிலாந்தின் பாத் நகரில் இருக்கிறது. அங்கும் இயற்கை ஊற்று, அங்கும் பக்கத்தில் கோயில். சுலிஸ் மினர்வா என்ற தெய்வத்தின் ஊற்றுக்குள் உரோமர் காலத்தவர் ஈயத் தகடுகளில் சாபம் எழுதிப் போட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. குளிக்கும் நேரத்தில் உடுப்பைத் திருடியவன் நாசமாகப் போகட்டும் என்ற ரகம் அவற்றில் நிறைய. கீரிமலையின் ஆடி அமாவாசைக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவர்களுக்கு இந்தக் கோபம் விளங்கும்.

கதைகள்கூட ஒத்துப்போகின்றன. தொழுநோயால் விரட்டப்பட்டுப் பன்றி மேய்த்த பிளாடட் என்ற இளவரசன் ஊற்றுச் சேற்றில் புரண்டு குணமானான் என்கிறது பாத் நகரத்துக் கதை. இங்கே குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் தீர்த்தமாடி முகம் திருந்தினாள். அவள் எழுப்பிய முருகன் கோயில்தான் மாவிட்டபுரம். மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் தொகுத்த ‘யாழ்ப்பாண வைபவமாலை’ அவள் கதையைச் சொல்கிறது. கீரிமுகம் கொண்ட நகுல முனிவரும் இங்கேயே குணமடைந்தாராம். இதை வரலாறாக எடுக்க முடியாது. நோயாளிகள் நம்பிக்கையோடு தேடிவந்த நீர்த்துறை என்பதற்கு மட்டும் நல்ல சாட்சி.

கேணியைச் சுற்றி நின்றவற்றின் வரலாறு அழிவின் வரலாறு. பஞ்ச ஈச்சரங்களில் ஒன்றான நகுலேசுவரம் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். ஆறுமுக நாவலர் தொடங்கிய முயற்சி, அவர் மறைந்த பிறகு, 1894இல் கோயிலாக எழுந்தது. 1990இல் விமானக் குண்டுவீச்சு அதைச் சிதைத்தது. அதே ஆண்டில் சுற்றுவட்டார ஊர்கள் இடம்பெயர்ந்தன. காங்கேசன்துறையும் பலாலியும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 2012இல் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது, 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கு மீண்டும் ரயில் வந்தது. இத்தனைக்கும் நடுவே ஊற்று நிற்கவில்லை. ஆடி அமாவாசையில் தகப்பனை இழந்தவர்களும் சித்திரைப் பௌர்ணமியில் தாயை இழந்தவர்களும் இன்றும் இங்கே விரதமிருந்து தீர்த்தமாடுகிறார்கள்.

ஆகவே கீரிமலைக்கு எது ஆபத்து என்று கேட்டால், இடிந்த சுவரைக் காட்டுவது தவறு. குளியல் துறை சாவது தண்ணீர் கெடும்போது. பாத் நகரில் 1978இல் ஊற்றுநீரில் நீந்திய ஒரு சிறுமி அமீபாத் தொற்றால் இறந்தாள். உரோமர் கட்டிய தடாகத்தில் அதற்குப் பிறகு பொதுமக்கள் குளிப்பதில்லை; 2006இல் திறந்த புதிய குளியலகத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டித் தண்ணீர் எடுக்கிறார்கள்.

இங்கும் அறிகுறிகள் உண்டு. கீரிமலைக்குத் தெற்கே சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரம் பத்தாண்டுகளுக்கு முன் குடாநாட்டையே கலக்கியது. தோட்டங்களில் போடும் யூரியாவும் மலசலகூடக் குழிகளும் கிணற்று நீரில் நைத்திரேற்றைக் கூட்டுவதை ஆய்வாளர்கள் பல தடவை காட்டிவிட்டார்கள். வெடிப்பு நிறைந்த சுண்ணக்கல் எதையும் வடிகட்டித் தராது. மேலே ஊற்றியது அடியில் ஓடும். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950 முதல் 1990 வரை அரைத்ததும் இதே கல்லைத்தான். கல் அகழ்ந்த பள்ளங்கள் இப்போதும் கிடக்கின்றன.

கேணிக்கு மாபிள் பதிப்பதும் வர்ணம் பூசுவதும் பிறகு நடக்கட்டும். முதலில் ஊற்றுநீரை மாதந்தோறும் பரிசோதிக்க வேண்டும். உவர் எவ்வளவு, நைத்திரேற்று எவ்வளவு, கிருமி உண்டா என்ற விவரத்தைக் கேணி வாசலில் எல்லோரும் வாசிக்கும்படி எழுதிவைக்க வேண்டும். பிரதேச சபையும் கோயிலும் பல்கலைக்கழகமும் சேர்ந்தால் இது பெரிய செலவில்லை. முழுகப் போகிறவர்களும் சவர்க்காரத்தை வீட்டில் வைத்துவிட்டு வரலாம்.